விதையிலிருந்து பீட்ரூட்: வீட்டுத் தோட்டத்தில் ஒரு பழைய ரகம்

1892-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அறிமுகமான ‘டெட்ராய்ட் டார்க் ரெட்’ பீட்ரூட் இந்தியத் தோட்டங்களில் இன்றும் பயிராகிறது. இதன் விதை எனப்படுவது உண்மையில் பல விதைகள் ஒட்டிய திரளாகும். ஒன்றிலிருந்தே பல நாற்றுகள் முளைக்கும். அவற்றுள் வலியதொன்றை விட்டு ஏனையவற்றைக் களையாவிடின், இலை செழிக்குமேயன்றிக் கிழங்கு பருக்காது.

சமவெளியில் குளிர்காலத் தொடக்கத்தில், விதையை ஓரிரவு நீரில் ஊறவைத்து, 30 செ.மீ. இடைவெளி வரிசைகளில் 2 செ.மீ. ஆழத்தில் ஊன்றுதல் வேண்டும். செடிக்குச் செடி 10 செ.மீ. இடைவெளி போதுமானது. ஏறத்தாழ 60 முதல் 70 நாட்களில் கிழங்கு முற்றும்.

பீட்ரூட் ஈராண்டுப் பயிர். நீண்ட குளிருக்குப் பின்னரே பூக்கும். ஆதலின் வெப்பமான சமவெளியில் விதை கிட்டுதல் அரிது. மலைப்பகுதிகளில் விதை எடுப்போர், காற்றால் மகரந்தம் பரவுவதால், அருகில் பிற ரகம் பூவாதவாறு காத்தல் இன்றியமையாதது. அன்றேல் ரகத்தின் தூய்மை கெடும்.