துன்பத்தின் வேரைத் தேடிய நெறி

வாரணாசிக்கு அருகே சாரநாத்தின் மான் தோட்டத்தில் கௌதம புத்தர் முதன்முதலாக அறம் உரைத்தபோது கேட்டவர்கள் ஐந்தே பேர். முன்பு அவரோடு கடுந்தவம் செய்தவர்கள்; அவர் தவத்தைக் கைவிட்டதும் மனம் கசந்து பிரிந்து போனவர்கள். சுகபோகமும் வேண்டாம், உடலை வதைக்கும் நோன்பும் வேண்டாம், இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு என்று அவர்களிடம் அவர் சொன்னார். அந்த நடுவழியின் அடிப்படையாக அவர் முன்வைத்தவை நான்கு உண்மைகள்: துன்பம் இருக்கிறது, அதற்குக் காரணம் உண்டு, காரணம் நீங்கினால் துன்பமும் நீங்கும், நீக்குவதற்கு வழி உண்டு. பிற்காலத்தில் இலங்கை முதல் ஜப்பான் வரை பரவி, வழிபாட்டிலும் தத்துவத்திலும் வெகுவாக வேறுபட்டுப்போன பௌத்தப் பிரிவுகளிலும் இந்த நான்கும் பொதுவாக நிலைத்திருக்கின்றன.

பிறப்பு, மூப்பு, பிணி, சாக்காடு ஆகியவற்றைத் துன்பம் என்று யாரும் ஒப்புக்கொள்வார்கள். பிடித்தவரைப் பிரிவதும் பிடிக்காதவரோடு வாழ நேர்வதும் அப்படியே. பௌத்தம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இன்பமும் நிலைக்காது என்பதால் அதற்குள்ளும் துன்பம் இருக்கிறது என்கிறது. இதை வைத்தே பௌத்தம் வாழ்வை வெறுக்கும் சமயம் என்று பழிப்பவர்கள் உண்டு. துன்பம் தீரக்கூடியது என்ற மூன்றாவது உண்மையை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

‘ஆசையே துன்பத்துக்குக் காரணம்’ என்று பள்ளிப் பருவத்தில் படித்ததோடு பலருக்கும் இரண்டாவது உண்மை முடிந்துவிடுகிறது. அது பாதிதான். ஆசை தானாக முளைப்பதில்லை. அதற்கும் காரணங்கள் உண்டு, அந்தக் காரணங்களுக்கும் காரணங்கள் உண்டு. பன்னிரண்டு நிலைகளாக விரியும் இந்தக் காரண வரிசையைத் தமிழிலேயே படிக்கும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில், கடைசியான 30ஆவது காதையில், அறவண அடிகள் அதை மணிமேகலைக்கு உபதேசிக்கிறார். பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்பவை அந்தப் பன்னிரண்டு. உள்ளதை உள்ளபடி அறியாத பேதைமையிலிருந்து செய்கை பிறக்கிறது. கண், காது முதலிய வாயில்கள் உலகைத் தொடும்போது ஊறு, அதிலிருந்து நுகர்வு, நுகர்ந்தது இனித்தால் இன்னும் வேண்டும் என்ற வேட்கை. வேட்கை பற்றாக இறுகி, மறுபடி பிறப்பில் கொண்டுவிடுகிறது. இந்த வரிசையில் ஆசைக்கு எட்டாவது இடம்தான். முதல் இடம் பேதைமைக்கு. அதனால்தான் பௌத்தம் ஆசையை அடக்கச் சொல்வதோடு நிற்காமல் அறிவைத் தெளிவிப்பதற்கு அத்தனை அழுத்தம் தருகிறது.

எல்லாம் காரணத்தால் தோன்றி, காரணம் போனால் மறைபவை என்றால், மாறாத ஆன்மாவுக்கு இடம் எங்கே? இடமில்லை என்பதே பௌத்தத்தின் விடை. உலகைப் படைத்து ஆளும் கடவுளும் இந்தக் கணக்கில் தேவைப்படுவதில்லை. தேவர்கள் உண்டு, ஆனால் அவர்களும் பிறந்து இறப்பவர்களே. ஆன்மா இல்லை என்பதை விளக்க ‘மிலிந்தனின் வினாக்கள்’ என்னும் பாலி நூல் ஒரு தேரைக் காட்டுகிறது. கிரேக்க மரபினனான மிலிந்த மன்னனிடம் நாகசேனர் என்ற துறவி கேட்கிறார்: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லை. அவற்றுக்கு அப்பால் தேர் என்று தனிப்பொருள் ஒன்று உண்டா? அதுவும் இல்லை. உறுப்புகளின் சேர்க்கைக்கு வழங்கும் பெயரே தேர். அதுபோல உருவம், நுகர்வு, குறிப்பு, பாவனை, உணர்வு என்ற ஐந்து கூறுகளின் சேர்க்கைக்குத்தான் ‘நான்’ என்று பெயர்.

ஆன்மா இல்லாமல் மறுபிறப்பு எப்படி என்ற கேள்வியை மற்றச் சமயத்தார் விடாமல் எழுப்பினார்கள், நியாயமான கேள்விதான். ஒரு பொருள் ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குப் போவதில்லை, காரணகாரியத் தொடர்ச்சி மட்டுமே போகிறது என்பது பௌத்தர்களின் பதில். இதற்குப் பிறகும் வாதம் ஓயவில்லை. வினையைப் பற்றிய பார்வையும் தனித்தன்மை உடையது. சமணம் வினையை உயிரில் ஒட்டும் நுண்பொருளாகக் கண்டது. புத்தரோ செயலுக்குப் பின்னுள்ள எண்ணமே வினை என்றார். வேட்கையும் வெறுப்பும் மயக்கமும் முற்றாக அணைந்த நிலை நிர்வாணம். புத்தர் 35ஆம் வயதில் புத்தகயாவில் அதை அடைந்து, பின்னர் 45 ஆண்டுகள் ஊர் ஊராக நடந்து போதித்தார் என்பது மரபு. ஆகவே அது செத்தபின் கிடைக்கும் சொர்க்கம் அல்ல.

நான்காவது உண்மையான வழிக்கு எட்டு உறுப்புகள்: நற்காட்சி, நற்கருத்து, நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை, நல்லூக்கம், நற்கடைப்பிடி, நல்லமைதி. இவை ஒன்றன்பின் ஒன்றாக ஏறும் படிகள் அல்ல, சேர்ந்தே வளர்பவை. ஒழுக்கம், மன ஒருமை, ஞானம் என்று மூன்றாக இவற்றைத் தொகுப்பதும் உண்டு. இவற்றுள் நல்வாழ்க்கை நேரடியாகப் பிழைப்பைத் தொடுகிறது. ஆயுதம், மனிதர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தின் வாணிபமும் பௌத்த இல்லறத்தாருக்கு விலக்கு.

ஒருவரைப் பௌத்தராக்குவது புத்தர், தருமம், சங்கம் என்ற மும்மணியில் அடைக்கலம் புகுவது. அதோடு ஐந்து சீலங்களை ஏற்கிறார்கள்: கொல்லாமை, திருடாமை, பிறழ்ந்த காமத்தை விலக்கல், பொய்யாமை, கள்ளுண்ணாமை. இவை மேலிருந்து வந்த கட்டளைகள் அல்ல. ஒருவர் தானாக எடுத்துக்கொள்ளும் உறுதிகள். முழுநிலா நாளில் பக்தர்கள் எட்டுச் சீலங்கள் காப்பார்கள். அன்று நண்பகலுக்குப் பிறகு உணவில்லை. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா என்னும் பொது விடுமுறை, மதுக்கடைகள் அடைத்திருக்கும். புத்தரின் பிறப்பையும் ஞானப்பேற்றையும் மறைவையும் சேர்த்து நினைக்கும் வெசாக் நாளில் தெருவெங்கும் காகிதக் கூடுகள் ஒளிரும். தன்சல் பந்தல்களில் யார் வந்தாலும் இலவசமாகச் சாப்பாடு கிடைக்கும்.

துறவிகளின் வாழ்க்கை இன்னும் இறுக்கமானது. தேரவாதப் பிக்குவுக்கு விதிகள் 227. மழைக்காலத்தின் மூன்று மாதங்கள் ஓரிடத்தில் தங்கவேண்டும். பதினைந்து நாளுக்கொரு முறை கூடி விதிகளை ஓதவேண்டும். உணவுக்கு அவர் ஊராரை நம்பியிருக்கிறார்; ஊரார் அறத்துக்கு அவரை நம்பியிருக்கிறார்கள். இந்தப் பரிமாற்றம்தான் சங்கத்தை இத்தனை நூற்றாண்டுகள் காப்பாற்றியது என்று சொன்னால் மிகையாகாது.

தியானத்தில் இரு வகை உண்டு. மூச்சு போன்ற ஒன்றில் மனத்தை நிறுத்தி அமைதி காண்பது சமதம். உடலிலும் மனத்திலும் எழுந்து மறைவனவற்றை உள்ளபடி கவனிப்பது விபசனை. இன்று நகரங்களில் பௌத்தம் என்றாலே கண்மூடி உட்காருவது என்றாகிவிட்டது. ஆனால் இல்லறத்தார் திரளாகத் தியானம் பயில்வது, பர்மியத் துறவிகளின் முயற்சியால் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் பரவிய வழக்கம்தான். அதற்கு முன் பெரும்பாலான இல்லறத்தாருக்குப் பௌத்தம் என்பது தானமும் சீலமும் வழிபாடுமே.

பிரிவுகளில் இலங்கை, பர்மா, தாய்லாந்து நாடுகளின் தேரவாதம் பாலி நூல்களைப் பற்றி நிற்கிறது. சீனா, கொரியா, ஜப்பானின் மகாயானம், எல்லா உயிரும் விடுதலை பெற உழைக்கும் போதிசத்துவரை இலட்சியமாக வைக்கிறது. அமிதாப புத்தரின் பெயரை ஓதுவோரும், ஜென் மடத்தில் அமர்வோரும் அதில் அடக்கம். திபெத்தின் வச்சிரயானம் மந்திரமும் மண்டலமும் சேர்த்துக்கொண்டது.

பழைய கொள்கையைப் புதிதாகப் படித்தவர்களும் உண்டு. 1898இல் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிய அயோத்திதாசப் பண்டிதர், சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவி, பௌத்தத்தைத் தமிழரின் மறந்துபோன பூர்வ சமயமாக முன்வைத்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவிய அம்பேத்கர் இன்னும் துணிந்தார். அவர் மறைந்தபின் 1957இல் வெளியான ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலின் முன்னுரையில், நான்கு உண்மைகள் புத்தரின் மூல போதனைதானா, பின்னர் துறவிகள் சேர்த்தவையா என்றே கேட்டிருக்கிறார். துன்பத்துக்குக் காரணத்தை அவர் சாதியிலும் வறுமையிலும் சேர்த்துத் தேடினார். அப்படிக் கேட்டவர் நாக்பூரில் தம் மக்களுக்கு வகுத்துத் தந்த 22 உறுதிமொழிகளில் எண்வகை வழியைப் பின்பற்றுவேன் என்பதும் ஒன்று.