ஒலியா எழுத்துக்கள்

ஆங்கில நூல்களைத் தனித்துப் பயிலும் மாணாக்கர், பிறர் முன்னிலையில் வாய்விட்டு வாசிக்குங்கால் நாணமுற நேர்வதுண்டு. யாமும் அவ்வாறு நாணியவரே. உணவுப் பொருள்களைக் குறிக்கும் ஒரு சொல்லை எழுத்துக்கூட்டி 'விக்டுவல்ஸ்' என்றோம், நகையொலி எழுந்தது. அதன் உச்சரிப்பு 'விட்டில்ஸ்' என்பதாம். (விட்டிற்பூச்சிக்கும் இதற்கும் யாதோர் உறவுமில்லை!) பிரெஞ்சு மொழியினின்று வந்தபோது அச்சொல்லில் ககர ஒலியுமில்லை, அதற்குரிய எழுத்துமில்லை. பின்னர் இலத்தீன் பற்று மிக்க புலவர், அதன் மூலத்தைக் காட்டவேண்டி 'ஸி' என்னும் எழுத்தைப் புகுத்தினர். மக்கள் நாவோ பழைய வழியையே பற்றி நின்றது. குற்றஞ்சாட்டுதல் எனப் பொருள்படும் 'இண்டைட்' என்பதிலும் அவ்வெழுத்து இவ்வாறே ஊமையாய் நிற்கின்றது. படைத்தலைவருள் ஒருவரைக் குறிக்கும் 'கர்னல்' என்பதன் வரலாறு வேறு: இத்தாலியச் சொல்லின் நடுவே இருந்த லகரத்தைப் பிரெஞ்சார் ரகரமாக்கினர்; ஆங்கிலேயரோ எழுத்தில் லகரத்தையும் ஒலியில் ரகரத்தையும் வைத்துக்கொண்டனர்.