வாடகை வண்டி விபத்து: கையொப்பமிடும் முன் அறிய வேண்டியவை

நிவித்திகல பகுதித் தோட்டங்களிலிருந்து வைத்தியசாலைக்கோ வங்கிக்கோ போவதென்றால் நமக்குப் பெரும்பாலும் கைகொடுப்பது ஓட்டோதான். பஸ் பிரதான வீதியோடு நின்றுவிடும். லயத்திலிருந்து அங்கு வரும் பாதை ஒடுங்கியது, வளைவுகள் நிறைந்தது, மழை பெய்தால் வழுக்குவது. தெரிந்த தம்பிக்கு ஒரு கோல் எடுத்தால் ஐந்து நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடுகிறார். அந்த வண்டி ஒரு நாள் விபத்துக்குள்ளானால் உள்ளே இருந்தவருக்கு என்ன உரிமை உண்டு என்பதைப் பற்றி நாம் யோசிப்பதில்லை.

1977, 1981, 1983ஆம் ஆண்டு வன்செயல்களின்போது இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய், பின்னர் போரிலும் அகப்பட்ட குடும்பங்கள் பல. அங்கு வாழும் சகோதரிகளுக்கும் இங்குள்ளவர்களுக்கும் விபத்து நட்டஈடு தொடர்பான சட்டம் ஒன்றுதான். போரில் கணவனை இழந்து, தனியே உழைத்துக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு ஒரு கை முறிந்தால் அந்த வீட்டின் அடுப்பே நின்றுபோகும். ஆகவே இதை அறிந்து வைத்திருப்பது அவசியம்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். கொழுந்து பறிக்கும் ஒரு தாய் கிளினிக்குக்குப் போக ஓட்டோவில் ஏறுகிறார். வளைவில் ஓட்டோ ஒரு வேனுடன் மோதுகிறது. அவருடைய வலது கை முறிகிறது. மூன்று மாதம் வேலைக்குப் போக முடியாது என்று வைத்தியர் சொல்கிறார். மறுநாள் சாரதியின் உறவினர் வருகிறார். “அக்கா, ஆஸ்பத்திரி செலவுக்கு இருபத்தையாயிரம் தர்றோம். இதுல ஒரு கையெழுத்து வச்சிருங்க. கோர்ட்டு, கேஸுன்னு அலைய வேணாம். அவனும் நம்ம பையன்தானே!”

இந்த இடத்தில்தான் அந்தத் தாய் நிதானிக்க வேண்டும்.

காசு கொடுப்பது யார்?

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, காப்புறுதி இல்லாமல் எந்த வாகனமும் வீதியில் ஓட முடியாது. இதையே மூன்றாம் தரப்புக் காப்புறுதி என்கிறோம். வாகனத்தால் பிறருக்கு ஏற்படும் மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் அது பொறுப்பேற்கிறது. கூலிக்கு ஆட்களை ஏற்றும் வண்டியாயின் அதில் பயணம் செய்பவரும் அதற்குள் அடங்க வேண்டும்.

எனவே சாரதி ‘நம்ம பையன்’ என்பதற்காக நட்டஈடு கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை. வழக்கு சாரதியின் பெயரிலும் வாகன உரிமையாளரின் பெயரிலும் போடப்பட்டாலும், நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் தொகையைச் செலுத்தும் கடமையைச் சட்டம் காப்புறுதி நிறுவனத்தின் மீது சுமத்துகிறது. அதற்காகத்தான் உரிமையாளர் ஆண்டுதோறும் காப்புறுதிப் பணம் கட்டுகிறார்.

பிழை வேன் சாரதியுடையதாயின் வேனின் காப்புறுதியிலிருந்து கேட்கலாம். இருவருமே கவனயீனமாக ஓட்டியிருந்தால் இரு பக்கமும் கேட்கலாம். ஓட்டோவில் அளவுக்கு மீறி ஆட்களோடு ஏறியது போன்ற சிறு தவறு நம் பக்கம் இருந்தாலும் உரிமை முற்றாகப் போய்விடாது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, நம் தவறின் அளவுக்கு மட்டும் நட்டஈடு குறைக்கப்படும்.

ஒன்றைக் கவனியுங்கள். சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த வண்டியைக் கூலிக்கு ஓட்டினால், அதைக் காட்டி நிறுவனம் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முயலலாம். தரிப்பிடத்தில் நிற்கும், வாடகைக்கெனக் காப்புறுதி செய்த வண்டியில் ஏறுவதே நல்லது.

பொலிஸ் நிலையத்தில்

விபத்தை உடனே பொலிஸில் பதிய வேண்டும். பொலிஸ் முறைப்பாடு இல்லாத விபத்தைப் பின்னர் நிரூபிப்பது மிகக் கடினம். காயப்பட்டவரால் போக முடியாவிட்டால் வீட்டார் போகலாம். வைத்தியசாலையில் பொலிஸ் காவலரண் இருந்தால் அங்கும் சொல்லலாம். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் எழுதி வாங்குங்கள்.

நம்மவர்கள் பலர் இடறும் இடம் வாக்குமூலம். சிங்களத்தில் எழுதப்பட்டதை விளங்காமலே ஒப்பமிட்டு வந்துவிடுகிறோம். “சாரதி மீது பிழையில்லை” என்ற ஒரு வரி அதில் இருந்தால் பிறகு வழக்கு முழுவதும் தள்ளாடும். அரச அலுவலருடன் தமிழில் கருமமாற்றும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை நமக்குத் தந்திருக்கிறது. நீதிமன்றத்தில் மொழி விளங்காதவருக்கு அரச செலவில் மொழிபெயர்ப்பாளரைப் பெறும் உரிமையை 24ஆம் உறுப்புரை தருகிறது. “எனக்குத் தமிழில் எழுதித் தாருங்கள், அல்லது வாசித்து விளங்கப்படுத்துங்கள். அதன் பிறகு ஒப்பமிடுகிறேன்” என்று சொல்லலாம். பொலிஸ் சீருடையைக் கண்டாலே நெஞ்சு படபடக்கும் அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. தனியே போகாமல் இரு மொழியும் தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள்.

வைத்தியசாலையில்

காயம் சிறிதாகத் தெரிந்தாலும் அரச வைத்தியசாலைக்குப் போங்கள். பொலிஸ் வழங்கும் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தில் காயத்தின் தன்மையை வைத்தியர் குறிப்பார். வழக்கில் அது முக்கியமான சான்று. கிளினிக் அட்டை, எக்ஸ்ரே, வெளியில் வாங்கிய மருந்தின் பற்றுச்சீட்டு, போய்வந்த வாகனக் கூலி எல்லாவற்றையும் ஒரே பையில் சேர்த்து வையுங்கள்.

போரில் காயமடைந்த சகோதரிகள் இன்னொன்றும் செய்ய வேண்டும். உடம்பில் ஷெல் துண்டு இருக்கிறதென்றாலோ, பழைய முறிவு உண்டென்றாலோ வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எது பழையது, எது புதியது என்று அறிக்கையில் பிரித்து எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் “இது போர்க்காலக் காயம்” என்று எதிர்த் தரப்பு வாதிடும். முன்பே பலவீனமாக இருந்த உடம்பு என்பதற்காகப் பிழை செய்தவர் தப்பிவிட முடியாது. ஆனால் விபத்தால் கூடிய பாதிப்பு எவ்வளவு என்று காட்ட வேண்டும்.

மூன்று வழிகள்

முதலாவது, பொலிஸார் நீதவான் நீதிமன்றத்தில் தொடுக்கும் வழக்கு. சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினால் அது அரசாங்கத்துக்குப் போகும், காயப்பட்டவருக்கு அல்ல. ஆனால் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 17(4)ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்குமாறு நீதவான் கட்டளையிடலாம். முதல் தவணையிலேயே வழக்கு முடிந்துவிடக் கூடும். ஆதலால் வழக்கு இலக்கத்தையும் தவணைத் திகதியையும் பொலிஸில் கேட்டறிந்து, அன்று நீதிமன்றத்தில் நின்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு. வைத்தியச் செலவு, இழந்த சம்பளம், இனி உழைக்க முடியாமற்போன வருமானம், பட்ட வேதனை ஆகியவற்றுக்கு இங்கு கேட்கலாம். வழக்குத் தொடரும் முன்போ, தொடர்ந்து ஏழு நாட்களுக்குள்ளோ காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் தீர்ப்பு கிடைத்தும் நிறுவனத்திடம் பணம் பெற முடியாமற் போகலாம். விபத்தில் ஒருவர் இறந்துவிட்டால், அவருடைய உழைப்பில் தங்கியிருந்த துணைவரும் பிள்ளைகளும் கேட்கலாம். தோட்டத் தொழிலாளிக்குச் சம்பளச் சிட்டையும் ஊழியர் சேமலாப நிதி விபரமும் வருமானச் சான்றாகும். அப்பம் சுட்டு விற்பவரோ தையல் தைப்பவரோ ஒரு கொப்பியில் வரவு செலவு எழுதிவந்தால் அது உதவும்.

மூன்றாவது வழி வேலைக்குப் போகும் போதும் வரும்போதும் காயப்பட்டவருக்கு உரியது. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 2022ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டது. வீட்டிலிருந்து வேலைத்தலத்துக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் பயணம் செய்கையில் நேரும் விபத்தும் அதற்குள் சேர்க்கப்பட்டது. அதிகூடிய நட்டஈடும் 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. நம் உதாரணத்துத் தாய் கிளினிக்குக்குப் போனவர், அவருக்கு இது பொருந்தாது. தோட்டத்துக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ போய்வரும் பெண்ணுக்குப் பொருந்தும். தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

மோதிய வாகனம் நிற்காமல் ஓடிவிட்டு, எதுவென்றே தெரியாமற் போனாலும் கைவிட வேண்டாம். அத்தகைய விபத்துகளுக்கு வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபை நட்டஈடு வழங்கும் திட்டம் உண்டு. அதற்கும் பொலிஸ் முறைப்பாடு அவசியம்.

இரண்டு வருடக் கெடு

நட்டஈட்டு வழக்கை இரண்டு வருடங்களுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்துவிட வேண்டும். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் இதைச் சொல்கிறது. “பேசிக்கொண்டிருக்கிறோம், அடுத்த மாதம் வாருங்கள்” என்று எதிர்த் தரப்பு இழுத்தடிப்பதால் கெடு நீளாது. பொலிஸ் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தாலும் நாட்கள் ஓடிக்கொண்டேயிருக்கும்.

உதாரணத்துத் தாயிடம் நீட்டப்பட்ட கடதாசிக்கு இப்போது வருவோம். “முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், இனி உரிமை கோரேன்” என்று அதில் எழுதியிருந்தால், அந்த இருபத்தையாயிரத்தோடு எல்லாம் முடிந்துவிடலாம். கை சரியாகக் கூடாமல் மறுபடி சத்திர சிகிச்சை செய்ய நேர்ந்தால் செலவு அவர் தலையில். அவசரச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டால் வாங்கலாம். ஆனால் “வைத்தியச் செலவுக்கு முற்பணமாக மட்டும்” என்று எழுதி ஒப்பமிட வேண்டும். சமாதானமாக முடிப்பதில் தவறில்லை. காயம் எவ்வளவு என்று தெரியும் முன் முடிப்பதுதான் தவறு.

கைபேசியில் அழைக்கும் வண்டி

நம் பிள்ளைகள் கொழும்பில் கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கிறார்கள். அவர்கள் கைபேசிச் செயலி மூலம் வண்டி அழைக்கிறார்கள். பிக்மீ, ஊபர் ஆகிய இரண்டும் இலங்கையில் 2015ஆம் ஆண்டு தொடங்கியவை. “நாங்கள் பயணியையும் சாரதியையும் இணைப்பவர்கள் மட்டுமே” என்பதே உலகெங்கும் இத்தகைய நிறுவனங்கள் வழமையாகக் கூறுவது.

அமெரிக்காவில் 2013ஆம் ஆண்டின் கடைசி இரவில், சான் பிரான்சிஸ்கோ நகரில், பயணிக்காகக் காத்திருந்த ஊபர் சாரதி ஒருவரின் கார் மோதி ஆறு வயதுச் சிறுமி இறந்தாள். வண்டியில் பயணி இல்லாத நேரத்துக்குப் பொறுப்பு யார் என்ற கேள்வி எழுந்தது. 2014இல் கலிபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றி, பயணத்தின்போது பத்து இலட்சம் டொலர் காப்புறுதியும், அழைப்புக்குக் காத்திருக்கும் நேரத்துக்குத் தனிக் காப்புறுதியும் கட்டாயமாக்கியது. பிரித்தானியாவில் 2021 பெப்ரவரியில், ஊபர் சாரதிகள் நிறுவனத்தின் தொழிலாளரே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் நாட்டில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: நிறுவனம் என்ன சொன்னாலும் சாரதி, உரிமையாளர், காப்புறுதி நிறுவனம் ஆகியோரின் பொறுப்பு அப்படியே இருக்கிறது. செயலியில் பதிவான பயண விபரம், சாரதியின் பெயர், வாகன இலக்கம், நேரம் எல்லாம் நல்ல சான்றுகள். விபத்து நடந்தவுடன் அவற்றைத் திரையில் படம்பிடித்து வைக்க வேண்டும். நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பயணிகளுக்குத் தனிக் காப்புறுதி உண்டா என்றும் கேட்க வேண்டும். தெரிந்த தம்பிக்கு நாம் எடுக்கும் கோலில் இந்தப் பதிவு இராது. ஆகவே ஏறும்போதே வாகன இலக்கத்தைப் பார்த்து வைப்பதும், வீட்டாருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புவதும் நல்ல பழக்கம்.

பணம் இல்லையென்றால்

1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தோருக்கு இலவச ஆலோசனை தருகிறது, தகுதியுடையோருக்காக வழக்கும் பேசுகிறது. வருமானத்துக்குக் கிராம உத்தியோகத்தரின் உறுதிக் கடிதம் உதவும். நிவித்திகல சகோதரிகள் இரத்தினபுரிக்கும் மற்றவர்கள் தம் மாவட்ட நீதிமன்றம் இருக்கும் நகருக்கும் சென்று விசாரிக்கலாம். 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் குற்றச் செயலால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் வழங்குகிறது. ஒப்பமிடச் சொல்லி யாரேனும் மிரட்டினால் மௌனமாக இருக்க வேண்டாம்.

சகோதரிகளே, இந்தப் பக்கத்தை வெட்டி அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்கத் தெரியாத அயலவருக்கு வாசித்துக் காட்டுங்கள். விபத்து நேர்ந்தால் பொலிஸ் முறைப்பாடு, வைத்திய அறிக்கை, வாகன இலக்கம், இரண்டு வருடக் கெடு ஆகிய நான்கையும் மறவாதீர்கள். விளங்காத கடதாசி எதிலும், யார் கெஞ்சினாலும், அன்றைக்கே கையொப்பம் வைக்காதீர்கள்.