டிராக்டரின் வயிற்றை உயர்த்தலாமா?

மேட்டூர் அணை திறந்து காவிரியில் தண்ணீர் வந்துவிட்டால், தஞ்சை வட்டாரத்து நஞ்சைகளில் டிராக்டருக்கு ஓய்வு இராது. கேஜ் வீல் மாட்டிக்கொண்டு தொளி உழும், பரம்படிக்கும். ஆனால் பயிர் வளரத் தொடங்கியபின் அதே டிராக்டர் வயலுக்குள் கால் வைக்க முடியாது. களையெடுக்கவும் மண் அணைக்கவும் ஆட்களைத்தான் தேட வேண்டும். முப்பது நாற்பது ஆட்கள் செய்யும் வேலையைச் செய்யக்கூடிய இயந்திரம் கொட்டகையில் சும்மா நிற்கிறது!

காரணம் என்ன? டிராக்டரின் வயிறு தாழ்வாக இருப்பதுதான். தரைக்கும் டிராக்டரின் அடிப்பாகத்தில் மிகத் தாழ்ந்த உறுப்புக்கும் இடையேயுள்ள தூரத்தை ‘அடி உயரம்’ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிறிய பழைய டிராக்டருக்கு இது 40 செ.மீ. என்று கொள்ளுங்கள். பயிர் முழங்காலுக்கு மேல் வளர்ந்துவிட்டால், அச்சு அதன் தலையை ஒடித்துக்கொண்டே போகும். அப்படியானால் டிராக்டரைச் சற்று உயர்த்திவிட்டால் என்ன? பட்டறைகளில் பலர் கேட்கும் கேள்வி இது. இதற்கு விடை உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது.

எந்தப் பயிருக்கு?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நெல்லுக்கு இந்த வேலை பயன்படாது. திருந்திய நெல் சாகுபடியில்கூட நாற்றுகளுக்கு இடையே சுமார் 22 முதல் 25 செ.மீ. தான் விடுகிறார்கள். டிராக்டரின் பின்சக்கரத்து டயரே அதைவிட அகலமாக இருக்கும். ஆகவே அங்கே தள்ளிச் செல்லும் கோனோவீடர்தான் பொருத்தம்.

ஆனால் டெல்டாவில் நெல் மட்டுமா விளைகிறது? திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பகுதிகளில் நெல் அறுத்த வயலில் கோடைப் பருத்தி போடுகிறார்கள். தஞ்சாவூரை அடுத்த குருங்குளத்தில் சர்க்கரை ஆலை இருக்கிறது; சுற்றிலும் கரும்பு. இந்தப் பயிர்கள் அகன்ற வரிசைகளில் நிற்பவை. உயர்ந்த டிராக்டருக்கு ஏற்ற இடம் இதுதான்.

முன்னோடிகள்

இந்த எண்ணம் புதிதல்ல. ஆரம்பகால டிராக்டர்கள் உழுவதற்கென்றே தாழ்வாகச் செய்யப்பட்டவை. 1924-இல் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் ‘ஃபார்மால்’ என்ற டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பின் அச்சு உயரத்தில் இருந்தது. அச்சின் இரு நுனிகளிலும் கீழ்நோக்கி இறங்கிய பல்சக்கரப் பெட்டிகள் சக்கரங்களைச் சுழற்றின. இதனால் பயிர் வரிசைமேல் தாண்டிச் செல்ல அதனால் முடிந்தது. பின்னர் 1939-இல் வந்த ‘ஃபார்மால் ஏ’ என்ற சிறிய டிராக்டருக்கு ‘ஏ.வி.’ என்ற உயர்ந்த உடன்பிறப்பும் உண்டாயிற்று. அதற்குப் பெரிய பின்சக்கரங்களைப் பொருத்தினார்கள். முன்னச்சையும் அதற்கேற்ப உயர்த்தினார்கள்.

நம் நாட்டில் குஜராத்தின் அம்ரேலி மாவட்டத்து மன்சுக்பாய் ஜகானி 1994-இல் வேறு வழியில் போனார். புல்லட் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தை எடுத்துவிட்டு, இரு சக்கரங்களும் களைக் கருவிகளும் கொண்ட அமைப்பைப் பொருத்தினார். ‘புல்லட் சாந்தி’ என்று பெயர் பெற்ற அந்த வண்டி பயிர் வரிசைகளுக்கு நடுவே ஓடியது.

முதல் வழி: பெரிய சக்கரம்

பின்சக்கரத்தின் விட்டம் 120 செ.மீ. என்போம். அதற்குப் பதில் 150 செ.மீ. சக்கரம் மாட்டுகிறோம். டிராக்டர் எவ்வளவு உயரும்? 30 செ.மீ. என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். அச்சு சக்கரத்தின் மையத்தில் இருக்கிறது. ஆகவே ஆரம் கூடிய அளவுதான், அதாவது 15 செ.மீ. தான் உயரும்.

இந்த உயரத்துக்கு ஒரு விலை உண்டு. அச்சில் கிடைக்கும் முறுக்கு விசை 3,000 நியூட்டன் மீட்டர் என்று கொள்வோம். அதை ஆரத்தால் வகுத்தால் தரையில் கிடைக்கும் இழுவிசை வரும். 0.60 மீட்டர் ஆரத்துக்கு 5,000 நியூட்டன், 0.75 மீட்டருக்கு 4,000 நியூட்டன். இழுவையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது! மாறாக, அதே கியரில் வேகம் கால்பங்கு கூடிவிடும். களையெடுப்பதற்கோ மெதுவான ஓட்டம்தான் தேவை. சாலையில் பிரேக் போடும்போதும் பெரிய சக்கரத்தை நிறுத்த அதிக முறுக்கு விசை வேண்டும்.

இரண்டாவது வழி: இறக்கு பெட்டி

அச்சின் நுனியில் ஒரு பல்சக்கரம், அதற்கு நேர் கீழே இன்னொன்று, கீழுள்ளதோடு சக்கரம். இரு மையங்களுக்கும் 20 செ.மீ. தூரம் என்றால் டிராக்டர் 20 செ.மீ. உயரும். கீழ்ச்சக்கரத்துக்குப் பற்கள் கூடுதலாக இருந்தால் வேகம் குறைந்து முறுக்கு விசை பெருகும். பெரிய சக்கரத்தால் இழந்ததை இங்கே திரும்பப் பெறலாம்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. ஒன்றையொன்று கவ்வும் இரு பல்சக்கரங்கள் எதிரெதிர்த் திசையில் சுழலும் அல்லவா? அப்படியே பொருத்தினால் முன் கியர் போட்டதும் டிராக்டர் பின்னால் ஓடும்! நடுவே மூன்றாவது பல்சக்கரம் ஒன்றை வைத்தால் திசை நேராகிவிடும். சங்கிலி கொண்டு இணைத்தாலும் சரியாகும்.

மூக்கை மறக்கக் கூடாது

பின்பக்கத்தை மட்டும் 15 செ.மீ. உயர்த்தினால், முன்னும் பின்னும் உள்ள சக்கரங்களுக்கு இடையே 180 செ.மீ. இருக்கும் டிராக்டர் ஏறக்குறைய 5 பாகை முன்னால் கவிழ்ந்து நிற்கும். என்ஜின் எண்ணெய் ஒரு பக்கம் தேங்கும். முன்சக்கரங்கள் திரும்பும் தண்டின் சாய்வு மாறி, ஸ்டியரிங் தானே நேராகத் திரும்பாமல் அலையும். ஆகவே முன்சக்கரத் தண்டுகளையும் அதே அளவு நீட்ட வேண்டும்.

உயிரோடு விளையாடும் கோணம்

இனித்தான் முக்கியமான செய்தி. ஒரு தாளில் வரைந்து பாருங்கள். பின்சக்கரங்களுக்கு இடையே 130 செ.மீ.; அதன் பாதி 65. ஈர்ப்பு மையத்தின் உயரம் 65 செ.மீ. ஈர்ப்பு மையத்தின் நேர்க்கோடு ஒரு சக்கரத்தின் தரைப் புள்ளியைத் தாண்டும்வரை டிராக்டர் கவிழாது. அந்தக் கோணம் 45 பாகை. ஈர்ப்பு மையத்தை 80 செ.மீ. உயரத்துக்கு ஏற்றினால் கோணம் 39 பாகைக்கு இறங்கிவிடும், 95 செ.மீ. ஆனால் 34 பாகைதான்.

‘34 பாகைச் சரிவு தஞ்சாவூரில் ஏது? தரை தட்டையாயிற்றே’ என்று கேட்பீர்கள். ஒரு சக்கரம் 30 செ.மீ. வரப்பின்மேல் ஏறி, மற்றது சேற்றில் 20 செ.மீ. புதைந்தால், அங்கேயே ஏறக்குறைய 23 பாகைச் சாய்வு வந்துவிட்டது. அந்த நிலையில் வண்டி வேகமாகத் திரும்பினாலோ, ஒரு குலுக்கல் குலுங்கினாலோ மீதிக் கோணமும் தீர்ந்துவிடும். வாய்க்கால் கரையில் டிராக்டர் கவிழ்ந்தால் ஓட்டுநர் அடியில் சிக்கிக்கொள்கிறார்.

இதற்கு மருந்து, சக்கரங்களை அகட்டுவது. 90 செ.மீ. வரிசைப் பயிரில் சக்கர இடைவெளியை 180 செ.மீ. ஆக்கினால், சக்கரங்கள் வரிசைகளுக்கு நடுவே ஓடும். இரு வரிசைகள் வயிற்றுக்கு அடியில் போகும். பாதி இப்போது 90, உயரம் 80. கோணம் 48 பாகை! பழைய டிராக்டரைவிடப் பாதுகாப்பாகிவிட்டது. ஆனால் அகட்டிய சக்கரம் அச்சின்மேல் அதிகத் திருப்புத்திறனைச் செலுத்தும். வலுவற்ற அச்சோ, அரைகுறை வெல்டிங்கோ ஒடிந்துவிடும்.

பின்னால் மல்லாக்கக் கவிழும் ஆபத்தும் உண்டு. கலப்பையை இழுக்கும் கொக்கி டிராக்டரோடு சேர்ந்து உயர்ந்துவிட்டால், இழுவிசையின் நெம்புகோல் கை நீளும். மூக்கு மேலே எழும். எனவே கொக்கியைப் பழைய உயரத்துக்கே தாழ்த்திப் பொருத்த வேண்டும்.

இவை எல்லாம் கணக்குப் போட்டு, தேர்ந்த பொறியாளர் பார்வையில் செய்ய வேண்டிய மாற்றங்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவு அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும்.

செய்து பாருங்கள்

ஒரு தீப்பெட்டியைப் பலகைமேல் படுக்க வைத்து, வழுக்காதபடி கீழ்ப்பக்கம் ஒரு குச்சியை ஒட்டித் தடை வையுங்கள். பலகையை மெல்லத் தூக்கி, பெட்டி கவிழும் கோணத்தைக் கோணமானியால் அளந்து எழுதுங்கள். பிறகு பெட்டியின் மேல் ஒரு நாணயத்தை ஒட்டி மீண்டும் அளவிடுங்கள். கடைசியாகப் பெட்டியை நிமிர்த்தி நிறுத்தி ஒருமுறை பாருங்கள். மூன்று எண்களையும் அடுத்தடுத்து எழுதினால், டிராக்டரை உயர்த்த நினைப்பவர் முதலில் சக்கரங்களை ஏன் அகட்ட வேண்டும் என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.