ஹெட் கவரின் நிறத்தை நம்பி எஞ்சின் வாங்கலாமா?

1980-களில் சாலைக்கு வந்த டொயோட்டா கொரோலா கே.இ.70 கார்கள் இன்றும் மலேசியாவில் ஓடிக்கொண்டிருக்கின்றன. 'டிஎக்ஸ்' என்று செல்லமாக அழைக்கப்படும் இந்தக் காரை வைத்திருக்கும் இளைஞர்களில் பலர், அதிலுள்ள 1,290 சிசி 4கே எஞ்சினை இறக்கிவிட்டு, அதே நிறுவனத்தின் 4ஏ-ஜிஇ எஞ்சினை ஏற்ற ஆசைப்படுகின்றனர். ஆசையில் தவறில்லை. ஆனால், மாதக்கணக்கில் சேர்த்த பணத்தைக் கொடுத்து வாங்கியது, கேட்ட எஞ்சின்தானா என்பதில்தான் சிக்கலே தொடங்குகிறது.

ஜப்பானில் முன்பாதியோடு வெட்டப்பட்டு இங்கு வந்திறங்கும் 'ஹாஃப் கட்' கடைகளில், எஞ்சினுக்கு நிறத்தை வைத்தே பெயர் சொல்வார்கள். புளூ டாப், ரெட் டாப், சில்வர் டாப், பிளாக் டாப் என்று அந்தப் பட்டியல் நீளும். இந்தப் பெயர்கள் எல்லாம் எஞ்சினின் மேலிருக்கும் ஹெட் கவரைப் பார்த்து வந்தவை. ஹெட் கவரைக் கழற்ற ஒரு ஸ்பானர் போதும். நிறத்தை மாற்ற ஒரு டப்பா ஸ்பிரே பெயிண்ட் போதும். அப்படியிருக்க, நிறத்தை மட்டும் நம்பி பணத்தை எண்ணிக் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

முதலில் அந்தக் குறியீட்டைப் படிக்கத் தெரிந்துகொள்வோம். 4ஏ என்பதில் 'ஏ' என்பது எஞ்சின் குடும்பம். 4 என்பது அக்குடும்பத்தில் அதன் வரிசை. 4ஏ எஞ்சின் எதுவானாலும் கொள்ளளவு 1,587 சிசிதான். கோட்டுக்குப் பின்னால் வரும் எழுத்துகளில்தான் சங்கதியே இருக்கிறது. 'ஜி' என்றால் வால்வுகள் அகன்று நிற்கும், வேகத்திற்கான இரட்டை கேம் ஷாஃப்ட் ஹெட். 'எஃப்' என்றால் வால்வுகள் நெருங்கி நிற்கும், எண்ணெய்ச் சிக்கனத்திற்கான இரட்டை கேம் ஹெட். 'இ' என்பது மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பு. 'இசட்' சேர்ந்தால் சூப்பர்சார்ஜர் உண்டு.

4ஏ-எஃப்இ எஞ்சினுக்கும் 16 வால்வு, இரட்டை கேம் உண்டு. 16 வால்வு 4ஏ-ஜிஇ எஞ்சினுக்கும் அதேதான். "ட்வின் கேம், 16 வால்வு" என்று விற்பவர் சொல்வதில் பொய்யே இருக்காது. ஆனால், வீட்டுக்கு வருவது கடைக்குப் போய்வரும் குடும்பக் காரின் எஞ்சினாக இருக்கலாம். முன்புறமுள்ள டைமிங் கவரைப் பார்த்தாலே இதைக் கண்டுபிடித்துவிடலாம். ஜிஇ-யில் டைமிங் பெல்ட் இரண்டு கேம் ஷாஃப்ட்டுகளையும் நேராகச் சுழற்றும். அதற்கு இரண்டு பெரிய புல்லிகள் வேண்டும் என்பதால் கவர் அகன்றிருக்கும். எஃப்இ-யில் பெல்ட் ஒரு கேமை மட்டும் சுழற்ற, மற்றொன்றை உள்ளேயுள்ள பற்சக்கரம் சுழற்றும். ஆகவே அதன் தலைப்பகுதி ஒடுங்கலாக இருக்கும்.

சரி, ஜிஇ தான் என்று உறுதியாகிவிட்டது. அடுத்த கேள்வி, எந்த ஜிஇ?

1983 முதல் 1987 வரை ஏ.இ.86 கார்களில் வந்த புளூ டாப் எஞ்சினின் பிளாக்கில், பக்கவாட்டில் மூன்று தடித்த வரிகள் வார்க்கப்பட்டிருக்கும். 1987-க்குப் பிறகு வந்தவற்றில் ஏழு வரிகள் உண்டு. ஏழு வரி பிளாக் உறுதி கூடியது. வரிகளை யாரும் ஸ்பிரே அடித்துக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. விரலால் தடவி எண்ணிப் பார்க்கலாம்.

ரெட் டாப் என்பதிலும் இரண்டு வகை இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. முந்தியதில் காற்றுக் குழாய்க்கும் ஹெட்டுக்கும் இடையே டி-விஸ் எனும் தகடு அமர்ந்திருக்கும். 1989-இல் வந்த பிந்திய வகையில் அது கிடையாது. காற்று நுழையும் துளைகளும் சிறியவை. 'ஸ்மால் போர்ட்' எனப்படும் இதன் அழுத்த விகிதம் 10.3, சக்தி 140 குதிரைகள். இரண்டுக்கும் ஒரே பெயர் சொல்லி ஒரே விலை கேட்டால், தகடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுவது நல்லது.

20 வால்வு எஞ்சின்களை அடையாளம் காண்பது எளிது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித் திராட்டில் என நான்கு வரிசையாக நிற்கும். சில்வர் டாப் 1991-இலும் பிளாக் டாப் 1995-இலும் வந்தன. சக்தி முறையே 160, 165 குதிரைகள். ஐந்து குதிரைகள்தானே என்று நினைக்க வேண்டாம். சில்வர் டாப்பில் உள்ளே போகும் காற்றை அளக்க ஒரு மீட்டர் பெட்டி உண்டு. பிளாக் டாப்பில் பெட்டி இல்லை. காற்றழுத்தத்தை உணரும் சென்சார்தான். ஆகவே, ஒன்றின் கணினிப் பெட்டியும் ஒயரிங்கும் மற்றொன்றுக்கு ஒத்துவராது. எஞ்சினை மட்டும் மலிவாக வாங்கிவிட்டு, பிறகு ஒயரிங்கைத் தேடிக் கடை கடையாக அலைவதைவிட, முழு ஹாஃப் கட்டாக வாங்குவதே சிக்கனம்.

டிஎக்ஸ் உரிமையாளர்களுக்கு இன்னொரு செய்தி. 20 வால்வு எஞ்சின்கள் முன்சக்கர ஓட்டத்துக்காகக் குறுக்கே பொருத்தப்பட்டவை. டிஎக்ஸோ பின்சக்கர ஓட்டம். எஞ்சினை நேராகத் திருப்பி வைக்கும்போது டிஸ்டிரிபியூட்டர் பின்சுவரில் போய் இடிக்கும். தண்ணீர் வெளியேறும் வழியையும் மாற்ற வேண்டும். கியர்பாக்ஸுக்கு ஏ.இ.86-இன் டி50 போன்ற ஒன்றைத் தேட வேண்டும். பட்டறைக்காரர் சொல்லும் கூலியில் இவையெல்லாம் அடங்கியிருக்கின்றனவா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஹோண்டா சிவிக் பிரியர்களுக்கும் இதே தலைவலிதான். 1989-இல் வந்த 160 குதிரை எஞ்சினிலும் சரி, 1992-க்குரிய 170 குதிரை எஞ்சினிலும் சரி, பிளாக்கில் பொறித்திருப்பது பி16ஏ என்பதே. கிளட்ச்சைப் பார்த்தால் தெரியும்: முந்தியதன் கியர்பாக்ஸுக்குக் கேபிள், பிந்தியதற்கு ஹைட்ராலிக். புரோட்டோன் விராவில் வந்த மிட்சுபிஷி 4ஜி92-உம் அப்படியே. நம்மூர் விராவின் ஒற்றைக் கேம் எஞ்சினுக்கும், ஜப்பானில் 175 குதிரை தந்த மைவெக் எஞ்சினுக்கும் 4ஜி92 என்றே பெயர்.

கடைசியாக, பிளாக்கில் பொறித்த எண். டொயோட்டாவில் பெரும்பாலும் '4ஏ' என்பதோடு எண் மட்டுமே இருக்கும். அதை வைத்து வகையைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால், சட்டத்தின் பார்வையில் எஞ்சினின் அடையாளம் அதுதான். காரின் பதிவில் எஞ்சின் எண் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே-க்குத் தெரிவித்து, காரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய், புதிய எண்ணைப் பதிந்துகொள்ள வேண்டும். பதிவில் ஒன்றும் காரில் ஒன்றுமாக இருந்தால், விபத்து நேரும்போது காப்புறுதி இழப்பீட்டிலும் சிக்கல் எழலாம். ஆகவே, கடையிலேயே அந்த இடத்தைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். எண் சுரண்டப்பட்டிருந்தாலோ, தேய்த்து மறுபடி பொறித்த தடம் தெரிந்தாலோ, அது எந்த நிற டாப்பாக இருந்தாலும் வாங்கக்கூடாது. எண் தெளிவாக இருந்தால், அதே எண்ணை ரசீதிலும் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்ட பிறகு பணத்தைக் கொடுக்கலாம்.