மலை மேல் ஒரு யூ.பி.எஸ்.

கரண்ட் போனதும் கம்ப்யூட்டரைக் காப்பாற்றுவது மேஜைக்கு அடியில் இருக்கும் யூ.பி.எஸ். அது பேட்டரியில் செய்யும் வேலையைத் தண்ணீரில் செய்வதற்காகக் கட்டப்பட்டது, ஆனைமலையில் உள்ள கடம்பாறை நீர்மின் நிலையம். 1980களின் இறுதியில் இயங்கத் தொடங்கிய இங்கு, தலா 100 மெகாவாட் திறனுள்ள 4 இயந்திரங்கள் பாறையைக் குடைந்த குகைக்குள் இருக்கின்றன.

மேலே கடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு அணை. இடையில் 300 மீட்டருக்கும் அதிகமான உயர வித்தியாசம். மேலிருந்து சுரங்கக் குழாயில் இறங்கும் தண்ணீர், கடும் அழுத்தத்துடன் டர்பைனைச் சுழற்றுகிறது. அதே தண்டில் ஜெனரேட்டரின் மின்காந்தமும் சுழல, சுற்றிலும் உள்ள செப்புக் கம்பிச் சுருள்களில் மின்சாரம் உண்டாகிறது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் அல்லவா? மின்காந்தத்துக்கு 12 முனைகள் இருந்தால், அது நிமிடத்துக்குச் சரியாக 500 முறை சுற்றியாக வேண்டும். லோடு ஏறினால் வேகம் குறையப் பார்க்கும். உடனே 'கவர்னர்' என்ற கருவி வால்வைத் திறந்து கூடுதல் தண்ணீர் விடும். கம்ப்யூட்டர் வருவதற்கு வெகு காலம் முன்பே இந்த 'லூப்' ஓடிக்கொண்டிருந்தது என்பது என்னைப் போன்ற ப்ரோகிராமர்களுக்குக் கொஞ்சம் பொறாமைதான்!

எவ்வளவு மின்சாரம் கிடைக்கும்? மொட்டை மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் டேங்கை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தனை தண்ணீரும் 100 மீட்டர் கீழே இறங்கினால், இழப்பு போகக் கால் யூனிட்டுக்கும் சற்றுக் குறைவாகவே தேறும். 150 வாட் எடுக்கும் கம்ப்யூட்டர் ஒன்றரை மணி நேரம் ஓடும், அவ்வளவுதான். உயரம் மூன்று மடங்கானால் மின்சாரமும் மூன்று மடங்கு. மலையைத் தேடிப் போவது இதனால்தான்.

இனி யூ.பி.எஸ். விஷயம். அனல்மின் நிலையத்தை நினைத்தபோது நிறுத்தி, நினைத்தபோது கிளப்ப முடியாது. கொதிகலன் சூடேறவே பல மணி நேரம் ஆகும். எனவே நள்ளிரவில் மின்சாரம் மிஞ்சும். அப்போது கடம்பாறையின் ஜெனரேட்டரையே மோட்டாராக எதிர்த்திசையில் சுழற்றினால், டர்பைன் பம்ப்பாக மாறிக் கீழே உள்ள தண்ணீரை மேலே ஏற்றும். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கும் டிவியும் ஓடும்போது, அந்தத் தண்ணீரைத் திறந்தால் சில நிமிடங்களில் மின்சாரம் தயார்.

இலவசமில்லை. இதுபோன்ற நிலையங்களில் 4 யூனிட் செலவழித்து ஏற்றினால் ஏறக்குறைய 3 யூனிட்தான் திரும்பக் கிடைக்கும். ஆனாலும் இப்போது சோலார் மின்சாரம் பெருகி, நண்பகலில் மிஞ்சி மாலையில் மறைகிறது. அந்த இடைவெளியை நிரப்ப இதைவிடப் பெரிய பேட்டரி கிடைப்பது அரிது. நீலகிரியின் குந்தாவிலும் 500 மெகாவாட்டில் இதே வகைத் திட்டம் எடுத்துக்கொள்ளப்பட்டது இதற்காகத்தான்.