ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டுப் பெட்டியும்

2023-ம் வருஷம் டிசம்பர் மாதம் 3-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை. அன்று ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், தெலங்கானா ஆகிய நான்கு ராஜ்யங்களில் சட்டசபைத் தேர்தல் ஓட்டுக்களை எண்ணினார்கள். ஐந்தாவது ராஜ்யம் ஒன்றிலும் அன்றுதான் எண்ணுவதாக ஏற்பாடு. ஆனால் இரண்டு நாளைக்கு முன்பு தேர்தல் கமிஷன் தன் உத்தரவை மாற்றி, அந்த ராஜ்யத்துக்கு மட்டும் திங்கட்கிழமை என்று அறிவித்தது. ஏனென்றால், அவ்வூர் ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போவார்களே தவிர, ஓட்டு எண்ணும் மண்டபத்துக்குப் போக மாட்டார்கள்! கிறிஸ்தவ சபைகள் மட்டுமல்ல, அதுவரை ஒருவரையொருவர் கண்டித்துப் பேசிக்கொண்டிருந்த கட்சிகளும் இந்த ஒரு விஷயத்தில் ஏகமனதாக விண்ணப்பம் செய்துகொண்டன.

அந்த ராஜ்யந்தான் தேசத்தின் வடகிழக்குக் கோடியில், பர்மா எல்லையை ஒட்டியுள்ள மிஜோரம். 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி சுமார் 11 லட்சம் ஜனங்கள். அவர்களில் நூற்றுக்கு 87 பேர் கிறிஸ்தவர்கள். சட்டசபையில் 40 ஸ்தானங்கள்.

நம் சங்கரன்கோவில் வாசகர்களுக்குத் தேர்தல் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. 2012-ம் வருஷம் மார்ச்சு மாதம் இங்கே ஓர் உபதேர்தல் நடந்தது. மந்திரிமார் பலர் வந்து வீதி வீதியாகச் சுற்றினார்கள். பிள்ளைகளுக்கு அது பரீட்சைக் காலம். ஒலிபெருக்கிக்கும் அல்ஜீப்ராவுக்கும் நடந்த போட்டியில் எது ஜயித்தது என்பது உபாத்தியாயர்களான எங்களுக்குத் தெரியும். அப்பொழுதுதான் மிஜோரத்துத் தேர்தலைப் பற்றி முதன் முதலில் படித்தேன். சத்தமில்லாத தேர்தல் என்று ஒன்று இருக்கிறதா என்று ஆச்சரியப்பட்டேன்.

இருக்கத்தான் இருக்கிறது. அங்குள்ள பிரஸ்பிடேரியன் சபை முன்னின்று 2006-ல் 'மிஜோரம் ஜனங்களின் மன்றம்' என்று பொருள்படும் ஒரு ஸ்தாபனத்தை அமைத்தது. 2008-ம் வருஷத் தேர்தலுக்கு முன்பு, அந்த மன்றம் கட்சித் தலைவர்களை அழைத்து உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்து வாங்கியது. அபேட்சகர் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கக்கூடாது. ஓட்டர்களுக்கு விருந்து வைக்கக்கூடாது. கொடிக்கும் தோரணத்துக்கும் அளவு உண்டு. பேச விரும்புகிறவர்கள் மன்றம் போடும் ஒரே மேடையில், எதிரிகளோடு சேர்ந்து உட்கார்ந்து, முறை வைத்துப் பேச வேண்டும். கேட்கிறவர்கள் கேள்வி கேட்கலாம். கிராமந்தோறும் மன்றத்தின் கிளை இருந்து, யார் மீறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும். மீறியவனைச் சிறைக்கு அனுப்ப மன்றத்துக்கு அதிகாரமில்லை. ஆனால், அடுத்த ஞாயிறு சபைக்குப் போகும்போது ஊரார் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்குச் சிறையே தேவலை!

இவ்வளவு செல்வாக்கு ஒரு சபைக்கு எப்படி வந்தது? 1894-ல் லொரெய்ன், ஸாவிட்ஜ் என்ற இரண்டு பாதிரிமார் அந்த மலைக்குப் போனபோது மிஜோ பாஷைக்கு எழுத்துக் கிடையாது. அவர்கள்தாம் ரோமன் லிபியை வைத்து எழுத்து அமைத்துக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடமும் புஸ்தகமும் பைபிளும் ஒரே வாசல் வழியாக உள்ளே வந்தன. பிறகு 1959-ல் மூங்கில் பூத்து, எலிகள் பெருகி, பயிரை அழித்துப் பஞ்சம் வந்தது. பஞ்ச நிவாரணத்தில் தொடங்கிய ஓர் இயக்கம், லால்டெங்கா தலைமையில் 1966-ல் ஆயுதம் எடுத்தது. ஐஸ்வால் நகரத்தின் மீது இந்திய விமானங்களே குண்டு போட்ட துயரம் அந்த வருஷம் மார்ச்சு மாதத்தில் நடந்தது. இருபது வருஷம் துப்பாக்கிக்கும் பட்டாளத்துக்கும் நடுவே நின்று, இரு தரப்பாரோடும் பேசக்கூடியவர்களாக இருந்தவர்கள் சபைத் தலைவர்களே. 1986 ஜூன் 30-ந் தேதி சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அந்தச் சமாதானம் இன்றுவரை நிலைத்திருக்கிறது. இப்படிப்பட்ட சபை "விருந்து வைக்காதே" என்று சொன்னால் யார்தான் வைப்பார்கள்?

சபை அரசியலில் தலையிட்டால் எங்கும் இதே மாதிரிதான் இருக்கும் என்று நினைத்துவிடக்கூடாது. நம் மேற்கு மலைக்கு அப்புறத்தில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். 1957-ல் கேரளத்தில் நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்ட் மந்திரிசபை ஏற்பட்டது. கல்வி மந்திரி முண்டசேரி தாமே கிறிஸ்தவர். தனியார் பள்ளிக்கூடங்களின் நியமனத்தையும் சம்பளத்தையும் ஒழுங்குபடுத்த அவர் ஒரு மசோதா கொண்டுவந்தார். (சம்பளத்துக்காக மானேஜர் வாசலில் காத்து நின்ற உபாத்தியாயர்களுக்கு அது அவ்வளவு பொல்லாத மசோதாவாகத் தோன்றியிருக்காது!) கத்தோலிக்க சபையும், மன்னத்து பத்மநாபனின் நாயர் சங்கமும், காங்கிரஸும் சேர்ந்து 'விமோசன சமரம்' தொடங்கின. 1959 ஜூன் 13-ந் தேதி அங்கமாலியில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து ஏழு பேர் மாண்டார்கள். ஜூலை 31-ந் தேதி மந்திரிசபை கலைக்கப்பட்டது. அங்கே சபை ஆட்டக்காரனாகவே களத்தில் இறங்கிற்று. மிஜோரத்திலோ விஸிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு நடுவராக நிற்கிறது.

நடுவர் என்றால் அவருக்குத் தனக்கென்று ஓர் ஆசை இருக்கக்கூடாதல்லவா? இங்கேதான் சிக்கல். மிஜோரத்துச் சபைக்கு ஓர் ஆசை உண்டு. அதுதான் மதுவிலக்கு.

சபையின் இடைவிடாத வற்புறுத்தலால் 1997 பிப்ரவரியில் அங்கே பூரண மதுவிலக்கு அமலுக்கு வந்தது. லால் தன்ஹாவ்லாவின் காங்கிரஸ் சர்க்கார், கள்ளச் சரக்கைத் தடுக்க முடியவில்லை, வருமானமும் போகிறது என்று 2014-ல் புதுச் சட்டம் செய்து, 2015-ல் கடைகளைத் திறந்தது. சபை கடுமையாக எதிர்த்தது. 2018 தேர்தலில் மிஜோ தேசிய முன்னணி மறுபடியும் விலக்கைக் கொண்டுவருவதாக வாக்களித்து 26 ஸ்தானங்களைப் பிடித்தது. காங்கிரஸுக்கு ஐந்தே ஐந்து. முதல் மந்திரி நின்ற இரண்டு தொகுதிகளிலும் தோற்றார். பத்து வருஷம் ஆண்ட கட்சி தோற்பதற்கு மது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 2019-ல் விலக்கு திரும்பி வந்ததற்குக் காரணம் எதுவென்பதில் சந்தேகமில்லை. சபை எந்த அபேட்சகரின் பெயரையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் ஏற்படவில்லை!

இந்த வித்தையின் பிறப்பிடம் அமெரிக்கா. 1893-ல் ஓஹையோ ராஜ்யத்தில் புராடெஸ்டண்டு சபையார் 'மதுக்கடை எதிர்ப்புச் சங்கம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அது கட்சி அமைக்கவில்லை. எந்தக் கட்சிக்காரனானாலும் மதுவிலக்குக்கு ஓட்டுப் போடுவானா என்பதொன்றே கேள்வி. வீட்டில் அவன் குடித்தாலும் பரவாயில்லை, சட்டசபையில் ஒழுங்காகக் கை தூக்கினால் போதும்! 1920-ல் தேசம் முழுவதும் விலக்கு அமலாயிற்று. கள்ளச் சாராயக் கொள்ளைக்காரர்கள் கொழுத்தார்கள். 1933-ல் சட்டம் ரத்தாயிற்று. அதே கணக்குத்தான் 1980-லும். ஞாயிற்றுக்கிழமைப் பாடசாலையில் பைபிள் சொல்லிக்கொடுத்த கார்ட்டரை விட்டுவிட்டு, மணவிலக்குச் செய்து மறுமணம் புரிந்துகொண்ட ரீகனைப் பழமைவாதக் கிறிஸ்தவர்கள் ஆதரித்தார்கள். ஆளின் ஒழுக்கத்தை விட அவன் இடப்போகும் கையெழுத்து முக்கியமாகிவிட்டது.

மதுவிலக்கை நான் பழிக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். 1937-ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் அதைத் தொடங்கியபோது எத்தனை குடும்பங்களில் அடுப்பு எரிந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். 1971-ல் அது தளர்த்தப்பட்டதிலும் எனக்குச் சந்தோஷமில்லை. ஆனால் ராஜாஜியோடு வாதாடலாம். அவரை ஓட்டுப் போட்டு இறக்கலாம். அவரே ராஜிநாமாவும் செய்வார். தேர்தலில் நிற்காத ஒரு ஸ்தாபனம் சட்டத்தைச் செய்வித்தால், அந்தச் சட்டம் கெட்டுப்போகும்போது யாரைப் போய்க் கேட்பது? மிஜோரத்தில் விலக்கு இருக்கும்போதே அஸ்ஸாம் வழியாகவும் பர்மா வழியாகவும் சரக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. இதற்கு மந்திரி பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சபை பதில் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. மிஜோரத்தில் சுமார் நூற்றுக்கு எட்டரைப் பேர் பௌத்தர்கள். பெரும்பாலும் சக்மா ஜாதியார். தேர்தல் மேடை எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், அதைப் போடுகிறவர் அடுத்த மதத்தின் குரு என்றால், அவர்கள் மனம் எப்படியிருக்கும்? நம் ஊரில் சங்கரனும் நாராயணனும் ஒரே திருமேனியில் நிற்கிறார்கள். அப்படியும் எந்தப் பட்டரையாவது தேர்தல் மேடைக்குத் தலைமை வகிக்கக் கூப்பிட்டால் நானே ஆட்சேபிப்பேன்.

ஸ்திரீகள் விஷயத்தையும் விட்டுவிட முடியாது. அங்கே ஆண் ஓட்டர்களைவிடப் பெண் ஓட்டர்கள் அதிகம். ஆயினும் 2018 தேர்தலில் ஒரு பெண்கூட ஜயிக்கவில்லை. பிரஸ்பிடேரியன் சபையிலும் பெண்களைக் குருவாக அபிஷேகம் செய்வதில்லை. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமே கிடையாது என்று சாதிக்கிறவர்கள் சாதிக்கட்டும். 2023-ல் மூன்று பெண்கள் சட்டசபைக்குள் நுழைந்தார்கள்.

அந்தத் தேர்தலில் போலீஸ் உத்தியோகத்திலிருந்து அரசியலுக்கு வந்த லால்டுஹோமாவின் புதுக் கட்சி 27 ஸ்தானங்களைப் பெற்றது. 2025 மார்ச்சு மாதம் அவருடைய சர்க்கார் மதுவிலக்குச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்து நிறைவேற்றியது. அங்கேயே விளையும் பழத்திலிருந்தும் அரிசியிலிருந்தும் செய்யும் ஒயினையும் பீரையும் லைசென்ஸ் பெற்று விற்கலாமாம். விலக்கை எடுத்துவிடப் போகிறோம் என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை. இது விலக்கு நீக்கமே அல்ல என்று சபையாருக்கு விளக்கிச் சொல்வதில்தான் அதிக சிரமம் எடுத்துக்கொண்டார்கள்.